இலங்கையின் பெயர் பெற்ற புழு: விலங்கொட்டுண்ணிகளின் பாகுபாடு பற்றிய சில சிந்தனைகள்

நுகேகொடை, கங்கொடவில, நாவல ஆகிய பகுதிகளிற் குடியிருப்போருக்கு இரவு வேளையில் வீட்டு முகட்டிற் கேட்கும் ஓட்டத்தின் ஓசை புதியதன்று. ஓட்டுக்கும் உட்கூரைப் பலகைக்கும் இடையே மரநாய் நடமாடுகின்றது. இறப்பர்த் தோட்டங்களும் சதுப்பு நிலங்களும் வீட்டு மனைகளாக மாறிய பின்னரும் இவ்விலங்கு நகரத்தை விட்டு அகலவில்லை. கூரைக்குள்ளே குட்டி ஈன்று, பின்வளவிற் பழுத்த பப்பாசியைத் தின்று, விடியுமுன் மறைந்துவிடுகின்றது. அதன் உறவினமாகிய புனுகுப்பூனை மனிதருக்கு இன்னும் பழையதோர் அறிமுகம்; அதன் சுரப்பியிலிருந்து பெறும் புனுகு கோயிலிலும் மருந்துக் கடையிலும் நெடுங்காலம் மதிப்புப் பெற்றிருந்தது. காட்டு விலங்கு, வீட்டு விலங்கு என நாம் வகுத்துக்கொண்ட எல்லைக்கோட்டை இவ்விலங்குகள் பொருட்படுத்துவதில்லை. அவற்றின் குடலில் வாழும் புழுக்களோ அதனைச் சற்றும் பொருட்படுத்துவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் புனுகுப்பூனையொன்றின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட புழுவொன்று இத்தீவின் பெயரையே பெற்றது. 1911ஆம் ஆண்டில் அதற்கு இடப்பட்ட பெயர் அன்கைலோஸ்தோமா சிலானிக்கம் என்பது. அப்பெயர் ஈராண்டுகளுக்குள் வழக்கிழந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டும் உயிர்பெற்றது. ஒரு பெயரின் தோற்றம், மறைவு, மீட்சி ஆகிய இவற்றினூடாக, விலங்குகளிலே வாழும் ஒட்டுண்ணிப் புழுக்கள் எவ்வாறு பாகுபடுத்தப்படுகின்றன என்பதையும், அப்பாகுபாட்டில் தங்கியிருப்பவை யாவை என்பதையும் விளக்குவதே எமது நோக்கமாகும்.

இலக்கிய ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்ட நாம் விலங்கியலுக்குள் நுழைவது ஏன் என்ற வினா எழுதல் இயல்பே. பாகுபாடு என்பது எமக்கு அந்நியமானதொன்றன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பிய மரபியல், நத்தை போன்றவற்றை ஈரறிவுயிரின்பாற் சேர்க்கிறது. கறையானையும் எறும்பையும் மூவறிவுயிரின்பாற் சேர்க்கிறது. உயிர்கள் எவற்றை உணர்கின்றன என்பதே அங்கு அளவுகோல். அவற்றின் உருவ அமைப்பன்று. ஒரு நூலைப் பிரபந்தமென்று ஒதுக்குவதா, வரலாற்றுச் சான்றென்று எடுப்பதா என்பதில் ஆராய்ச்சி முழுவதும் திசைமாறிவிடுவதை நாம் அன்றாடம் காண்கின்றோம். விலங்கியற் செய்திகளுக்கு அத்துறையினரையே சார்ந்து நிற்கின்றோம். அவற்றின் சமூக வரலாற்றை வாசிக்கும் முறை மட்டுமே எம்முடையது.

முதலிற் சொல்லிலிருந்து தொடங்குவோம். ஒட்டுண்ணியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் மூலமாகிய பராசிதோஸ் என்ற கிரேக்கச் சொல், பிறர் பந்தியில் உண்பவன் என்னும் பொருளது. செல்வர் வீட்டு விருந்தில் முகத்துதி செய்து வயிறு வளர்க்கும் பாத்திரமாகக் கிரேக்க, உரோம இன்பியல் நாடகங்களில் அவன் இடம்பெற்றான். அதாவது இச்சொல் முதலிற் சமூக உறவொன்றைக் குறித்தது. பன்னூறு ஆண்டுகள் கழித்தே உயிரியலுக்குள் வந்தது. உழைக்காது வட்டியில் வாழும் வர்க்கத்தையும், அவ்வர்க்கத்தைத் தாங்கும் நாடுகளையும் பற்றி ஏகாதிபத்தியம் குறித்த 1916ஆம் ஆண்டு நூலில் லெனின் எழுதியபோது, அச்சொல் தன் பழைய வீட்டுக்கே திரும்பியது எனலாம். இலங்கைப் பாடநூல்கள் புழு தங்கும் உயிருக்கு வழங்கும் கலைச்சொல் விருந்துவழங்கி என்பதாகும். கேட்பவருக்கு இது சற்று நகைப்பூட்டலாம். விரும்பி யாரும் இவ்விருந்தை வழங்குவதில்லை. ஆயினும் விருந்து என்பதற்குப் பழந்தமிழிற் புதுமை, புதிதாய் வந்தவர் என்பனவே பொருள். ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குப் புதிதாய்ச் செல்லும் புழுவை நோக்கும்போது அச்சொல் பொருத்தமற்றதன்று. கிருமி என்னும் சொல்லின் நிலை வேறு. பழைய மருத்துவ நூல்களிற் புழுவைக் குறித்த அது, இன்று கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரைக் குறிக்கின்றது. புழுவோ பேச்சுவழக்கிற் பூச்சியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது பூச்சிமருந்து.

முள்ளந்தண்டு விலங்குகளில் ஒட்டுண்ணியாய் வாழும் புழுக்களுட் பெரும்பாலானவற்றை மூன்று பெருந்தொகுதிகளுள் அடக்குவர். தட்டைப்புழுக்கள் முதலாவது, ஆடுமாடுகளின் ஈரலிற் காணப்படும் இலைவடிவப் புழுவும், துண்டுதுண்டாய் நீளும் நாடாப்புழுவும் இதன்பாற்படும். உருளைப்புழுக்கள் இரண்டாவது; வட்டப்புழு, கொழுக்கிப்புழு, யானைக்கால் நோயைத் தரும் பைலேரியாப் புழு ஆகியன இவை. முள் செறிந்த தலையுடைய முட்தலைப்புழுக்கள் மூன்றாவது. வடிவத்திற் புழுவென்பதைத் தவிர இம்மூன்றுக்கும் இடையே நெருங்கிய உறவில்லை. புழு என்பது ஓர் இனத்தின் பெயரன்று. ஒரு தோற்றத்தின் பெயர் மாத்திரமே.

இத்தெளிவு எளிதில் வந்ததன்று. 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் வகுத்த ஆறு வகுப்புகளுள் ஒன்றாகிய வெர்மெஸ், வேறெங்கும் பொருந்தாத உயிர்களையெல்லாம் போட்டுவைத்த கூடையாகவே இருந்தது. மண்புழுவும் சிப்பியும் நாடாப்புழுவும் அதில் ஒருங்கு கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ருடோல்பி என்னும் அறிஞர் உடலின் உள்வாழ் புழுக்களை ஐந்து வரிசைகளாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று பைப்புழுக்கள் என்பது. பன்றியின் தசையிலும் ஆட்டின் ஈரலிலும் நீர் நிறைந்த கொப்புளங்களாகக் காணப்படுபவை இவை. இவற்றுக்கு முட்டையுமில்லை, இனப்பெருக்க உறுப்புமில்லை. ஆகவே இவை உடலிலேயே தாமாகத் தோன்றுவன என்ற கருத்து அக்கால அறிஞரிடையே வலுப்பெற்றிருந்தது. ருடோல்பியும் அக்கருத்தினரே.

1850களில் குயுக்கென்மைஸ்டர் என்ற யேர்மன் மருத்துவர் இக்கொப்புளங்களை விலங்குகளுக்கு உண்ணக் கொடுத்து, அவை நாடாப்புழுக்களாக முதிர்வதைக் காட்டினார். மனிதனில் வாழும் நாடாப்புழுவின் இளநிலையே பன்றி இறைச்சியிற் காணும் பைப்புழு என்பதை நிறுவ, 1855ஆம் ஆண்டில் மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவனுக்கு அவன் அறியாமலே அவற்றை உணவிற் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் அவன் குடலில் இளம் நாடாப்புழுக்களைக் கண்டார். விஞ்ஞான வரலாற்று நூல்கள் இதனைப் பரிசோதனையின் வெற்றியாகக் கூறிச் செல்லும். அவ்வெற்றி எவனுடைய உடல்மீது பெறப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. சிறைக்கைதியை இக்கட்டுரையில் மீண்டும் சந்திப்போம்.

பைப்புழு என்ற வரிசையே இதன்பின் பாகுபாட்டிலிருந்து மறைந்தது. அவை தனி இனமல்ல. பன்றிக்கும் மனிதனுக்கும், ஆட்டுக்கும் நாய்க்கும் இடையேயுள்ள உணவுறவின் ஒரு கட்டம் என்பது புலனாயிற்று. ஒரு புழுவைத் தனியே எடுத்துச் சாராயப் புட்டியில் இட்டு எத்துணை நுணுகி நோக்கினும் அதன் இனம் முற்றாக விளங்காது. எந்த உயிர் எந்த உயிரை எவ்வாறு சார்ந்து வாழ்கின்றது என்ற உறவுகளின் தொகுதியுள் வைத்தே அதனை அறியமுடியும். இயங்கியல் பயின்றோருக்கு இது வியப்பளிக்காது. விலங்கியலார் அதனைத் தம் வழியிலே, பெருமுயற்சியோடு கண்டடைந்தனர்.

உருவத்தை மட்டும் நம்புவதன் ஆபத்துக்கு இலங்கை யானையின் ஈரற்புழுவும் சான்றாகும். 1869ஆம் ஆண்டில் கொபோல்ட் பெயரிட்ட இப்புழு, தோற்றத்தால் மாட்டின் ஈரற்புழுவை ஒத்திருந்தமையால் அதே பேரினமாகிய பாசியோலாவிற் சேர்க்கப்பட்டு நெடுங்காலம் அங்கேயே இருந்தது. மரபணு ஒப்பீட்டின் பயனாய், மாட்டின் புழுவைவிட வட அமெரிக்க மான்களிற் காணப்படும் பெரிய ஈரற்புழுவுக்கே இது நெருங்கியதெனக் காட்டப்பட்டு, 2013ஆம் ஆண்டில் அப்பேரினத்துக்கு மாற்றப் பிரேரிக்கப்பட்டது.

இனிக் கொழுக்கிப்புழுவுக்கு வருவோம். விரல் நக அகலத்துக்குக் குறைந்த, நூல்போன்ற இப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிப்பது. மலத்தோடு வெளியேறும் முட்டை, நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணிற் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதன் குடம்பி தொற்றும் நிலையை அடையும். வெறுங்காலோடு நடப்பவனின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைவழி ஏறி விழுங்கப்பட்டுக் குடலைச் சேரும். மனிதனின் கொழுக்கிப்புழுவை 1838ஆம் ஆண்டில் மிலான் நகரிலே குடியானவப் பெண்ணொருத்தியின் சடலத்தில் துபினி கண்டார். எனினும், ஐரோப்பாவின் கவனத்தை அது ஈர்த்தது 1880ஆம் ஆண்டளவிலே, அல்ப்ஸ் மலையைக் குடைந்து கொத்தார்ட் சுரங்கப் பாதை அமைத்த இத்தாலியத் தொழிலாளர் இரத்தசோகையால் வீழ்ந்தபோதேயாகும். நோய் ஆராயப்பட்டது. அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளிடம் வேறொரு கொழுக்கிப்புழுவை 1902ஆம் ஆண்டில் ஸ்டைல்ஸ் இனங்கண்டபோது, பத்திரிகைகள் அதனைச் சோம்பேறித்தனத்தின் கிருமி என்று வருணித்தன. வறியவன் சோம்பலினால் ஏழையானான் என்ற பழைய கூற்றுக்கு இது மறுப்பாக அமைந்தது உண்மை. ஆனால் அவன் ஏன் காலணியின்றிக் கழிப்பிடமின்றி இருந்தான் என்ற வினாவை அது எழுப்பவில்லை. அமெரிக்கக் கொலையாளி என்னும் பொருள்பட அமைந்த நெக்கேற்றர் அமெரிக்கானஸ் என்ற பெயரும் முரண்பட்டதே. ஆபிரிக்க அடிமைகளைக் கப்பலேற்றிய வணிகத்தோடு அப்புழு அக்கண்டத்தை அடைந்தது என்பதே பின்னர் ஏற்கப்பட்ட கருத்து.

தோல்வழித் தொற்றைக் கண்டறிந்தவர் கெய்ரோவிற் பணியாற்றிய யேர்மானியரான ஆர்தர் லூஸ். பரிசோதனையின்போது குடம்பிகள் நிறைந்த நீர் அவர் கையிற் சிந்தியது; தோல் சிவந்து அரித்தது; சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் தோன்றின. கைதியின் உடலிலன்றித் தம் உடலிலே, அதுவும் தற்செயலாக, அவர் உண்மையைக் கண்டார். இவரே 1911ஆம் ஆண்டில் இலங்கைப் புனுகுப்பூனையின் புழுவுக்குச் சிலானிக்கம் எனப் பெயரிட்டவர்.

அதற்கு ஓராண்டு முன், 1910இல், பிரேசிலைச் சேர்ந்த கோமெஸ் டி பாரியா நாய், பூனை ஆகியவற்றின் குடலிலிருந்து எடுத்த கொழுக்கிப்புழுவொன்றை பிரேசிலியென்சே எனப் பெயரிட்டு விவரித்திருந்தார். இரண்டும் மிகவும் ஒத்தவை. இரண்டின் வாயறையிலும் பெரிய பற்சோடி ஒன்றும், அதனுள்ளே சிறிய பற்சோடி ஒன்றும் உண்டு. 1913ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த லைப்பர், இரண்டும் ஒன்றே எனத் தீர்ப்பளித்தார். ஒரே இனத்துக்கு இரு பெயர் வழங்கினால் முந்திய பெயரே நிலைக்கும் என்பது பெயரீட்டு விதி. எனவே பிரேசிலின் பெயர் நின்றது. இலங்கையின் பெயர் உதிர்ந்தது.

அதே 1913ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த கிளேற்றன் லேன் வேறொரு செய்தியை வெளியிட்டிருந்தார். புனுகுப்பூனையில் முதன்முதற் காணப்பட்ட இவ்விலங்கைப் புழுவை அவர் வங்காளச் சிறைக்கைதிகளின் குடலிலே கண்டார். மனிதனுக்குப் புதியதோர் ஒட்டுண்ணி என அறிவித்தார். சிறைக்கைதியை நாம் இவ்வாறு மீண்டும் சந்திக்கின்றோம். கைதிக்கு மருந்து கொடுத்து அவன் மலம் முழுவதையும் சேகரித்துக் கழுவி ஆராய்தல் எளிது, அவன் மறுக்கமுடியாது. குடியேற்ற ஆட்சியின் ஒட்டுண்ணியியல், சிறை, படைமுகாம், தோட்டம் ஆகிய மூன்று களங்களிலே பெரிதும் வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இரு புழுக்களையும் ஒன்றாக்கியதன் விளைவு யாது? பிரேசிலியென்சே புழுவின் குடம்பி மனிதத் தோலைத் துளைத்தாலும் பொதுவாக முதிர்வதில்லை. தோலின் கீழே நெளிந்து திரிந்து, சிவந்த வளைகோடுகளை வரைந்து, அரிப்பைத் தந்து அழிந்துவிடும். சிலானிக்கம் அத்தகையதன்று. அது மனிதக் குடலை அடைந்து, முதிர்ந்து, இரத்தம் குடித்து, முட்டையிடும். தோல்வழி மட்டுமன்றி வாய்வழியும் தொற்றும். விலங்குகளுக்குரிய கொழுக்கிப்புழுக்களுள் மனிதனில் வழக்கமாக முழுவாழ்வு பெறவல்லது இதுவொன்றே. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தபோது, ஒன்றின் இயல்பு மற்றதன் இயல்பை மறைத்தது. நாயிலிருந்து மனிதனுக்குச் செல்லும் வழி பாடநூல்களிலே தற்செயலான நிகழ்ச்சியாக, அடிக்குறிப்பாகச் சுருங்கியது.

1951ஆம் ஆண்டில் இத்தாலிய ஒட்டுண்ணியியலாளர் எத்தோரே பியோக்கா இரண்டையும் மீண்டும் பிரித்தார். வாயறையின் உட்பற்களின் பருமனையும், ஆண்புழுவின் வாற்புறத்தே குடைபோல் விரியும் உறுப்பிலுள்ள கதிர்கள் பிரியும் முறையையும் அவர் ஒப்பிட்டார். (அமேசன் காட்டுப் பழங்குடியினரிடையே வளர்ந்த எலேனா வலேரோ என்னும் பெண்ணின் வாழ்வை அவள் வாய்மொழியாகவே பதிந்து 1965ஆம் ஆண்டில் நூலாக்கியவரும் இப்பியோக்காவே. வாய்மொழி இலக்கியம் பயில்வோர் அவரை அப்பெயராலேயே அறிவர். புழுவியலாளர் அவரை வேறாக அறிவர். நாம் இவ்விருவரும் ஒருவரே என்பதைச் சில காலத்துக்கு முன்னரே அறிந்தோம்.) 1960களில் மேற்கு நியூகினியிலிருந்து திரும்பிய ஒல்லாந்தப் படையினரிடம் இப்புழு காணப்பட்டபின் அந்நாட்டு ஆய்வாளர் அதில் ஊக்கங்காட்டினர். 1968ஆம் ஆண்டில் வெளியான கலப்புப் பரிசோதனைகள் இரண்டும் வெவ்வேறினமே என்பதை உறுதிசெய்தன. வங்காளக் கைதியிடம் காணப்பட்டபோது மறக்கப்பட்டது, ஐரோப்பியப் படைவீரனிடம் காணப்பட்டபோது ஆராயப்பட்டது.

பெயர் மறைந்திருந்த அந்நாற்பதாண்டுக் காலத்திலேயே இலங்கையின் கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கம் நடைபெற்றது என்பது கவனிக்கத்தக்கது. ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அது தொடங்கிற்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்வழி நடந்து மலைநாட்டை அடைந்த பழைய பாதையில் அமைந்த ஊர் மாத்தளை. பரிசோதிக்கப்பட்டோருட் பெரும்பான்மையோரிடம் புழு காணப்பட்டது. தைமோலும், பின்னர் கெனோப்போடிய எண்ணெயும் கொடுக்கப்பட்டன. மருந்துண்டவன் அதே லயக்காம்பிராவுக்கு, அதே தேயிலைச் செடியடிக்கு, வெறுங்காலோடு திரும்பினான். சில மாதங்களில் மீண்டும் தொற்றுண்டான். கழிப்பிடம் கட்டாமல் மருந்து மட்டும் பயன்தராது என்பதை இயக்கத்து மருத்துவர்களே விரைவில் உணர்ந்தனர். ஆனால் கழிப்பிடத்துக்கான செலவைத் துரைமார் விரும்பவில்லை. மருந்து, தொழிலாளியின் உழைப்புத்திறனை உடனே உயர்த்தும் முதலீடு; கழிப்பிடமோ அவர்கள் கணக்கில் வீண்செலவு. தோட்டங்களிலே தடைப்பட்ட பொதுச்சுகாதார நோக்கு, 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு வாயிலாகக் கிராமங்களை நோக்கித் திரும்பியது.

புழு இந்தியாவிலிருந்து தொழிலாளியோடு வந்தது என்ற எண்ணமும் இக்காலத்தில் வேரூன்றியது. மண்டபம் முகாமில் அவனைத் தடுத்துவைத்துச் சோதித்தே கப்பலேற்றினர். தொழிலாளியின் உடலே நோயின் இருப்பிடமெனக் கொள்ளப்பட்டது. இருப்பிடம் எனத்தக்கவை அவன் நின்ற மண்ணும், அவன் குடியிருந்த வரிசை வீடும், அவ்வீட்டுக்கு இல்லாதிருந்த கழிப்பிடமுமே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்கள் நாடற்றோராக்கப்பட்டதற்குப் புழுவைக் காரணங்காட்டுதல் நகைப்புக்கிடமாகும். அதன் காரணங்கள் வர்க்க நலனிலும் வாக்குக் கணக்கிலும் கிடக்கின்றன. எனினும், ஒரு மக்கட்கூட்டத்தை அந்நியரென்றும் அசுத்தரென்றும் கருதும் மனப்பழக்கம் ஒரு நாளில் உருவாவதன்று. ஒட்டுண்ணியைச் சுமந்தவனையே ஒட்டுண்ணியாகப் பேசும் வழக்கு எம் அரசியற் பேச்சில் இன்றும் அற்றுப்போகவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். லைப்பர் இரு புழுக்களை ஒன்றாக்கியமையாலேதான் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழியவில்லை என வாதிடுவோமாயின் அது கொச்சையான வாதமாகும். தோட்டங்களில் மேலோங்கியிருந்தது நெக்கேற்றரே. அது மனிதனுக்கே உரிய புழு. நாயின்மேற் பழியைச் சுமத்தித் துரைமாரை விடுவிப்பது எமது எண்ணமன்று. லைப்பரின் முடிவும் சூழ்ச்சியன்று. இரு புழுக்களும் உண்மையில் ஒத்தவை, அவர் கையிலிருந்த சான்று குறைவு. நாம் கூறவருவது இதுவே: மனிதப் புழுவை மருத்துவரும், விலங்குப் புழுவை விலங்கியலாரும் கால்நடை வைத்தியரும் எனத் தனித்தனியே பங்கிட்டுக்கொண்ட அறிவமைப்பில், இடைநின்ற புழுவுக்கு இடமிருக்கவில்லை. நோயைத் தனியுடலில் மட்டும் காணும் நோக்கும், புழுவைத் தனிப்புட்டியில் மட்டும் காணும் நோக்கும் ஒரே வேரின.

இன்றைய நிலை வேறாகும். கொழுக்கிப்புழு முட்டைகள் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே தோன்றும். மனிதப் புழுவா விலங்குப் புழுவா என அவற்றைக் கொண்டு பிரித்தறிய முடியாது. மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் முறை வந்த பின்னரே, தென்கிழக்காசியாவின் பல பகுதிகளிலே சிலானிக்கம் மனிதனின் கொழுக்கிப்புழுக்களுள் இரண்டாமிடம் வகிப்பது புலனாயிற்று. கம்போடியக் கிராமமொன்றிற் செய்யப்பட்டு 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, கொழுக்கிப்புழு தொற்றியோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இப்புழுவைக் கண்டது. அவ்வூர் நாய்களுட் பெரும்பாலானவற்றிலும் அதுவே இருந்தது. வறுமைக் கிராமத்தில் நாய்க்கும் மனிதனுக்கும் முற்றம் ஒன்றே.

ஒரு புழு இத்தீவின் பெயரை வெளிநாட்டார் ஒருவரிடமிருந்து பெற்றது. இன்னொன்று அதனை உள்நாட்டாரிடமிருந்து பெற்றது. இலங்கை நாய்களிற் காணப்பட்ட புருகியா சிலோனென்சிஸ் என்னும் பைலேரியாப் புழுவை 1962ஆம் ஆண்டில் விவரித்தவர் ஜயவர்த்தன. அதற்கு ஓராண்டு முன், இலங்கை முயலின் இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் வாழும் புருகியா பக்லியை திசாநாயக்கவும் பரமானந்தனும் சேர்ந்து விவரித்தனர். எம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் வேரூன்றிய ஆராய்ச்சிக்கு இவை நற்சான்றுகள். ஒரு சிங்களப் பெயரும் ஒரு தமிழ்ப் பெயரும் அருகருகே நிற்கும் இத்தகைய கட்டுரைகளைப் பழைய ஆய்விதழ்களிற் புரட்டும்போது எமக்கு மகிழ்ச்சியும் துயரும் ஒருங்கே உண்டாகின்றன. அப்புழுவுக்கும் அவர்கள் இட்டது, 1960ஆம் ஆண்டில் புருகியா என்ற பேரினத்தை வகுத்த பக்லி என்பவரின் பெயரையே. பைலேரியாவின் வரலாற்றிலே பான்குரொப்ற், புருக், மான்சன் எனப் பெயர்கள் புழுவிலும் நுளம்பிலும் நிலைத்தன. நுளம்பினுள்ளே அப்புழு வளர்வதை 1877ஆம் ஆண்டில் மான்சன் கண்டறிய, சீனாவின் அமோய் நகரில் நுளம்புக் கடிக்குத் தன் உடலைக் கொடுத்த தோட்டக்காரன் ஹின்லோவின் பெயர் எதிலும் இல்லை.

யானைக்கால் நோயைப் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை நீக்கிவிட்டதாக 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மேற்கு, வடமேற்கு, தெற்கு மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மருந்து கொடுத்ததன் பேறு அது, சிறிய சாதனையன்று. அங்கு ஒழிக்கப்பட்டது மனிதனையே விருந்துவழங்கியாகக் கொண்ட பான்குரொப்ற் புழுவின் பரவல். ஆகாயத்தாமரை மண்டிய குளங்களில் வளரும் மான்சோனியா நுளம்பாற் பரவும் புருகியா மலாயி, அந்நீர்த்தாவரத்தை அகற்றியதன்மூலம் 1960களிலேயே மறைந்துவிட்டதெனக் கருதப்பட்டது. ஏறத்தாழ நாற்பதாண்டுகளின் பின் அது மீண்டும் மனிதரிடம் காணப்பட்டது. பழைய புழு இரவிலே மட்டும் இரத்தத்தில் திரண்டது. மீண்டு வந்ததன் நடமாட்ட நேரம் அதிலிருந்து மாறுபட்டது. நாயும் பூனையும் அதன் உறைவிடமாகலாம் என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். மனிதருக்கு மட்டும் கொடுக்கும் மருந்து நாயின் இரத்தத்தைச் சென்றடைவதில்லை.

தோட்டப் பிள்ளைகளுக்கு 1990களிலிருந்து புழுமருந்து கொடுக்கப்பட்டு வருகின்றது. ஆனால் லயத்தின் முன்னே நாயும் பிள்ளையும் ஒரே மண்ணிற் கிடக்கின்றனர். வைத்தியசாலை ஆய்வுகூடம் தரும் துண்டில் கொழுக்கிப்புழு முட்டை உண்டு என்ற ஒரே வரி எழுதப்படும். நெக்கேற்றரா, புனுகுப்பூனையின் குடலிலிருந்து பெயர்பெற்ற சிலானிக்கமா என அத்துண்டு சொல்வதில்லை.